பட்டியலில் என் மகனின் நோயும் இருந்தது

அந்த வழவழப்பான தாளில் தலசீமியாவும் இருந்தது. ‘தொப்புள்கொடி ரத்தத்தால் குணமாகும் 80-க்கும் மேற்பட்ட நோய்கள்’ என்று தலைப்புப் போட்டு, ரத்தப் புற்றுநோய், அப்ளாஸ்டிக் அனீமியா, எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கும் குறைபாடு என்று பொடி எழுத்தில் வரிசையாக அச்சடித்திருந்தார்கள். நடுவில் எங்கோ தலசீமியா. அந்தப் பேரை எப்படி உச்சரிப்பது என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்கு அது என் மகனுடைய நோய். அவன் பிறந்த நிமிடத்தில் எடுத்த ரத்தம் எஃகுத் தொட்டிக்குள், திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறைந்து கிடக்கிறது. நோய் பட்டியலில் இருக்கிறது, ரத்தம் தொட்டியில் இருக்கிறது, பணம் கட்டியாகிவிட்டது. ஆனால் அந்த ரத்தத்தால் அவனுக்கு ஒரு சொட்டுப் பிரயோசனம் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்திருக்க முடியாது. அதை விற்றவர்களுக்கு அது தெரியும்.

அந்த நிறுவனத்தின் பேரை நான் எழுதவில்லை. வழக்கு நடக்கிறது, வக்கீல் வேண்டாம் என்றார். பேரில் என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் கொஞ்சம் வசதியான எந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இவர்களில் ஒருவரைச் சந்திக்காமல் திரும்ப முடியாது.

எனக்கு அவர்களை அறிமுகம் செய்தது சேலத்தில் நான் மாதாமாதம் போன ஆஸ்பத்திரி. டாக்டரம்மா அறைக்கு வெளியே, எடை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். கழுத்தில் அட்டை, கையில் டேப். நர்ஸ் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த வாரம் போன் வந்தது. என் நம்பர், எத்தனையாவது வாரம், பிரசவத் தேதி எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் கொடுக்கவில்லை. “அக்கா, பாப்பாவுக்கு நீங்க குடுக்கற முதல் சொத்து இதுதான்க்கா. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம். அவங்க ரத்தமே அவங்களைக் காப்பாத்திரும்.” வீட்டுக்கே வந்தாள். என் அத்தையிடம் தாயத்தைப் பற்றிப் பேசினாள்: அந்தக் காலத்தில் காய்ந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டினார்களே, அதெல்லாம் ஸ்டெம்செல்தான் பாட்டி, நம் முன்னோர்கள் எல்லாம் தெரிந்துதான் செய்தார்கள் என்று. வாட்ஸ்அப்பில் வருஷக்கணக்காகச் சுற்றுகிற கதை அது. காய்ந்து சுருங்கிய கொடியில் உயிருள்ள செல் ஒன்றுகூட இருக்காது. ஆனால் அத்தை குளிர்ந்துவிட்டார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் மாதத் தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மொத்தம் எழுபதாயிரத்துச் சொச்சம்.

அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ‘அவங்க ரத்தமே அவங்களைக் காப்பாத்திரும்.’ இதற்கு யாராவது எனக்குப் பதில் சொல்லுங்கள்.

தலசீமியா எப்படி வருகிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிப் புரியவைக்கலாம். பள்ளிக்கூட வாத்தியார் நான், சொல்கிறேன். ரத்தச் சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் இருக்கிறது. அதன் ஒரு பாகத்தைச் செய்யும் கட்டளை 11-வது குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி. ஒன்று பழுதாக இருந்தால் கொஞ்சம் சோகை மாதிரித் தெரியும், வாழ்நாள் முழுக்க ஒன்றும் ஆகாது. இரண்டும் பழுதாக வந்து சேர்ந்தால் நல்ல ஹீமோகுளோபினை உடம்பால் செய்யவே முடியாது. அந்தப் பழுது, கரு ஒரே செல்லாக இருக்கும்போதே அதில் எழுதப்பட்டுவிடுகிறது. பிறகு அந்த உடம்பில் உண்டாகும் எல்லாச் செல்லிலும் அது இருக்கும். எலும்பு மஜ்ஜையில் இருக்கும். தொப்புள்கொடி ரத்தத்திலும் இருக்கும். பூச்சி விழுந்த வயலின் நெல்லையே விதைக்கென்று எடுத்துப் பத்திரப்படுத்த எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறந்தபோது என் மகன் கொழுகொழுவென்றுதான் இருந்தான். கருவில் இருக்கும்போது குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் ஓடும். அதற்கு இந்தக் கட்டளை தேவையில்லை. பிறந்து சில மாதத்தில் அது குறைந்து, பெரியவர்களின் ஹீமோகுளோபின் அந்த இடத்துக்கு வரவேண்டும். இவனுக்கு வரவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் வெளுத்தான். பால் குடிக்க மாட்டான், வயிறு ஒரு பக்கம் கல்லாய் இருந்தது. அது மண்ணீரல் வீக்கம் என்று பிறகுதான் சொன்னார்கள். பல் முளைக்கிறது என்றார்கள், பூச்சி மருந்தும் இரும்பு டானிக்கும் கொடுத்தார்கள், கடைசியில் எச்.பி.எல்.சி. என்ற பரிசோதனை எடுத்தார்கள். ரத்த நோய் நிபுணரிடம் போனபோது நான் தைரியமாகத்தான் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? பையில் அந்தச் சான்றிதழ் இருந்தது. பொன்னிற விளிம்பு போட்ட அட்டை. இத்தனை கோடி செல்கள், இத்தனை சதவீதம் உயிருடன் என்று எழுதிய அட்டை. எடுத்து மேஜையில் வைத்தேன். “எங்ககிட்ட ஸ்டெம்செல் இருக்குங்க டாக்டர்.”

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது அவனோட ரத்தம்தானேம்மா. இதுலயும் இதே பிரச்சினைதான் இருக்கும். இதை எடுத்து அவனுக்கே ஏத்தி என்ன பண்ண?” என்றார். அவருக்கு அது எழுபதாயிரம் ரூபாய்க்கான பதில் என்று தெரியாது. ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இரும்புச் சத்து மருந்தை உடனே நிறுத்துங்கள் என்று சீட்டு எழுத ஆரம்பித்தார்.

ஒரே மூச்சில் சொல்ல முடிகிற அந்த உண்மையைப் பிரசவத்துக்கு முன்னால் எனக்குச் சொல்ல ஏன் ஒருவரும் இல்லை?

ஆஸ்பத்திரியில் எதிர்ப்படுக்கையில் ஒரு குழந்தை இருந்தாள். ரத்தப் புற்றுநோய். அவள் அப்பாவும் இதே மாதிரி அட்டையோடு வந்தவர். அவருக்கும் அதே கதி. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றில் பலவற்றுக்கு, முதல் மரபணுக் கோளாறு கருவில் இருக்கும்போதே விழுந்துவிடுகிறது என்பது ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம். சேமித்த ரத்தத்திலும் அந்த வித்து இருக்கலாம். அதனால் அவளுடைய ரத்தத்தை அவளுக்கே ஏற்ற எந்த டாக்டரும் துணிய மாட்டார். பிறவி மரபணு நோயா, சொந்த ரத்தம் உதவாது. ரத்தப் புற்றா, உதவுவது அரிதிலும் அரிது. பட்டியலின் பெரும்பகுதி இவைதான். அப்படியென்றால் அந்தப் பட்டியல் பொய்யா?

பொய் இல்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான். பட்டியல் உண்மை. தொப்புள்கொடி ரத்தம் உண்மையான மருந்து. 1988-ல் பாரிஸில், செயிண்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் என்ற மருத்துவர் முதன்முதலாக அதை ஒரு நோயாளிக்குச் செலுத்தினார். ஃபான்கோனி சோகை என்ற பரம்பரை நோய் உள்ள ஓர் அமெரிக்கச் சிறுவன். உறைய வைத்த கொடி ரத்தத்தில் ரத்த ஸ்டெம்செல்கள் உயிரோடு இருக்கும் என்று இண்டியானாவில் ஹால் பிராக்ஸ்மேயர் என்ற விஞ்ஞானி காட்டியிருந்தார். ரத்தம் பாரிஸுக்குப் போனது, சிறுவன் பிழைத்தான். என்னிடம் கொடுத்த தாளிலும் இது இருந்தது: ‘1988 – உலகின் முதல் வெற்றி.’ அந்த வரியில் இல்லாதது என்ன தெரியுமா? அது அந்தச் சிறுவனுடைய ரத்தம் இல்லை. அவனுக்குப் பின்னால் பிறந்த தங்கையின் ரத்தம். அந்த நோய் அவளுக்கு இல்லை, அவளது திசு அண்ணனோடு பொருந்துகிறது என்று பிறப்பதற்கு முன்பே பரிசோதித்து உறுதி செய்துகொண்டு எடுத்த ரத்தம். வருடத்தை எழுதினார்கள், தங்கையை மறைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து உலகம் முழுக்க 40,000-க்கும் அதிகமான தடவை இந்தச் சிகிச்சை நடந்திருக்கிறது. ஏறக்குறைய எல்லாமே இன்னொருவரின் ரத்தம். கூடப் பிறந்தவர்களுடையது, அல்லது முன்பின் தெரியாத யாரோ ஒரு தாய் நியூயார்க்கிலோ வேறெங்கோ பொது வங்கிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டுப் போனது. அதில் இன்னொரு சிறப்பும் உண்டு. பெரியவர்களின் மஜ்ஜை வழக்கமாகக் கிட்டத்தட்ட முழுதாகப் பொருந்த வேண்டும். கொடி ரத்தச் செல்கள் இளசு என்பதால் கொஞ்சம் பொருந்தாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளும். அதனால் கலப்பு இனத்தவர், சிறுபான்மையினர் என்று பொருத்தமான கொடையாளி கிடைக்காதவர்களுக்கு இது வரமாக இருந்திருக்கிறது. 2022-ல் நியூயார்க்கில் ஒரு பெண்ணுக்கு ரத்தப் புற்றோடு எச்.ஐ.வி.யும் போனது என்று சேதி வந்ததே, அதுவும் யாரோ ஒரு குழந்தையின் கொடி ரத்தம்தான். இவ்வளவும் கொடுத்ததால் நடந்தது. இந்தப் பெருமையை முழுக்க எடுத்துக்கொண்டு, ‘கொடுக்காதே, உனக்கென்று பூட்டி வை’ என்று எனக்கு விற்றார்கள். கொடுப்பவர்களின் சாதனையைக் காட்டிப் பூட்டு வியாபாரம்.

சொந்த ரத்தம் சொந்தக் குழந்தைக்கு முதல் இருபது வருடத்தில் தேவைப்படும் வாய்ப்பு எவ்வளவு என்று மருத்துவ ஏடுகளில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2,500 பேரில் ஒருவர் முதல் 2 லட்சம் பேரில் ஒருவர் வரை என்று வருகிறது. 2017-ல் நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், ஐ.சி.எம்.ஆர்., வெளியிட்ட ஸ்டெம்செல் வழிகாட்டி, எதிர்காலச் சொந்தத் தேவைக்கென்று தனியாரிடம் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று சொல்கிறது. 2018-ல் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொன்னது: குடும்பத்தில் ஏற்கெனவே இந்தச் சிகிச்சை தேவைப்படும் நோயாளி இருந்தால் மட்டும் தனியார் சேமிப்புக்கு அர்த்தமுண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2017-ல், மகப்பேறு மருத்துவர்கள் 2019-ல் இதையேதான் சொன்னார்கள். இத்தாலியிலும் பிரான்ஸிலும் தனியார் கடை போடவே அனுமதி இல்லை. இத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். எடை மெஷினுக்கும் டாக்டர் அறைக்கும் நடுவில் அந்த நாற்காலியைத் தாண்டி ஒரு வார்த்தை என் காதுக்கு வரவில்லை.

டாக்டரம்மாவைக் கேட்டேனே. வெறும் ஏஜென்ட்டை நம்பி எழுபதாயிரம் கொடுக்கும் ஆள் இல்லை நான். “மேடம், இது வேணுங்களா?” என்றேன். நிமிர்ந்து பார்க்காமல், “வசதி இருந்தா பண்ணிக்கலாம், நல்லதுதான்” என்றார். என்னை மாதிரி ஒருத்திக்கு டாக்டர் சொல்லும் ‘நல்லதுதான்’ என்பது உத்தரவு. ஒரு நோயாளியைப் பரிந்துரை செய்வதற்காக மருத்துவர் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002-ம் வருட மருத்துவக் கவுன்சில் விதியில் இருக்கிறது. இந்த டாக்டர் வாங்கினாரா என்று என்னால் நிரூபிக்க முடியாது, அதனால் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் வாடகை கொடுக்காமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்றால், என் நம்பர் காற்றில் பறந்து போய் அவள் டேப்பில் விழுந்தது என்றால், நான் எதை நினைப்பது?

பிரசவ அறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். குழந்தை வெளியே வந்ததும் அழுகைச் சத்தம் கேட்டது. உடனே கொடியில் கிளிப். உடனே வெட்டு. கலெக்‌ஷன் பையோடு ஓர் ஆள் தயாராக நின்றான். பை நிறைய வந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்துக் கொடியைத் துண்டியுங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து 80, 100 மில்லி ரத்தம் குழந்தைக்குள் போகிறது. அதோடு முதல் சில மாதங்களுக்கான இரும்புச் சத்தும் போகிறது. 3 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே கால் லிட்டர் ரத்தம்தான் ஓடுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் சோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும் நாட்டில், பிறந்த குழந்தைக்குப் போக வேண்டிய ரத்தத்தைப் பையில் பிடிக்கிறார்கள், நாம் அதற்குத் தவணை கட்டுகிறோம். என் மகனுக்கு இதனால் நோய் வந்தது என்று நான் சொல்லவில்லை. அவன் நோய்க்கு அதனோடு சம்பந்தம் இல்லை. ஆனால் அது யாருடைய ரத்தம்? அவனுடையது. அவனுக்குள் போகவும் விடவில்லை, இப்போது அவனுக்கு உதவவும் இல்லை.

இதைவிட எனக்குத் தாங்க முடியாதது ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்து பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். கர்ப்பமான மூன்றாம் மாதத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை அதில் இருந்தது. எம்.சி.வி. என்று ஒரு வரி. சிவப்பணுவின் அளவு. எண்பதுக்கு மேல் இருக்க வேண்டும், எனக்கு 62. பக்கத்தில் லேபே நட்சத்திரக் குறி போட்டிருந்தது. இந்த அளவு குறைந்தால் தலசீமியா தாங்கியா, அதாவது ஒரு பிரதி மட்டும் பழுதானவரா, என்று பார்க்க வேண்டும்; எச்.பி.ஏ.2 என்று ஒரு பரிசோதனை, ஆயிரம் ரூபாய் சுமாரில் முடிகிற சமாச்சாரம். எனக்கு இருக்கிறது என்று தெரிந்தால் கணவருக்கும் பார்ப்பார்கள். இருவருக்கும் இருந்தால் பத்துப் பன்னிரண்டாம் வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவைக் கிள்ளி எடுத்துக் கருவுக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். இந்த நாட்டில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர் தாங்கிகள். வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் தலசீமியாக் குழந்தைகள் பிறக்கிறார்கள். சைப்ரஸ் என்ற குட்டித் தீவு இந்தப் பரிசோதனையைக் கொண்டே எழுபதுகளில் தொடங்கிப் புதுப் பிறப்புகளை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிட்டது. என் கோப்பில் நட்சத்திரக் குறி இருந்தது. அதற்கு எனக்குக் கிடைத்தது இரும்பு மாத்திரையும், பேரீச்சம்பழம் சாப்பிடு என்ற புத்திமதியும்.

நோய் தெரிந்த பிறகு அதே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். “சொந்தத்துல கல்யாணம் பண்ணினா இப்படித்தாம்மா வரும்” என்றார்கள். ஆமாம், என் வீட்டுக்காரர் அத்தை மகன்தான். அதை நான் ஒளிக்கவில்லையே! கோப்பின் முதல் பக்கத்திலேயே நீங்கள்தானே கேட்டு எழுதிக்கொண்டீர்கள், நெருங்கிய உறவில் திருமணம், ஆம் என்று? எதற்குக் கேட்டீர்கள்? பிறகு என்னைத் திட்ட ஆதாரம் வேண்டும் என்றா?

அந்த ரத்த வங்கிக்காரர்கள் மட்டும் என்ன? பிரசவத்தன்று என் கையிலிருந்தும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். எச்.ஐ.வி. இருக்கிறதா, மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா, மேகநோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அவர்கள் தொட்டி கெட்டுவிடக் கூடாதே! என் ரத்தம் குழாயில் அவர்கள் கையிலேயே இருந்தது. அந்த எச்.பி.ஏ.2 பரிசோதனையையும் செய்திருந்தால், ‘அம்மா, உங்களுக்கு இது இருக்கிறது, குழந்தையைப் பாருங்கள்’ என்று அன்றே சொல்லியிருக்கலாம். அவன் வெளுத்துப் போகும் வரை, மண்ணீரல் வீங்கும் வரை, இரும்பு டானிக் ஊற்றும் வரை காத்திருந்திருக்க வேண்டாம். தலசீமியாக் குழந்தைக்கு இரும்பு எமன் என்று தெரியுமா உங்களுக்கு? ஏற்றுகிற ஒவ்வொரு பை ரத்தத்திலிருந்தும் இரும்பு உள்ளே போய் இதயத்திலும் கல்லீரலிலும் தங்கிவிடும். அதை வெளியேற்றத் தினமும் தண்ணீரில் கரைத்து டெஃபெராசிராக்ஸ் கொடுக்கிறோம். உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ‘பெரிட்டின்’ எண் வரும் நாளில் எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றுகிறோம். அங்கே காசு வாங்குவதில்லை. நர்ஸம்மா அவன் நரம்பை ஒரே குத்தில் பிடிப்பதற்காகத் தன் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை ரத்தம் இல்லை என்றபோது இன்ஜினியரிங் காலேஜ் பையன்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். பேர்கூடச் சொல்லவில்லை. என் மகனைத் தரையில் ஓடவிட்டிருப்பது அந்த முகம் தெரியாத பையன்களின் ரத்தம். அவனுக்கென்று நான் காசு கொடுத்துப் பூட்டி வைத்த ரத்தம் இல்லை.

நிறுவனத்துக்குப் போன் செய்தேன். எத்தனை எண் அமுக்கினால் ஒரு மனிதக் குரல் வருகிறது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணடிக்க மாட்டேன். வந்த குரல் சொன்னது: “மேடம், இப்ப கம்யூனிட்டி பேங்கிங் இருக்கு. மத்த மெம்பர்ஸோட சாம்பிள் உங்களுக்குக் கிடைக்கும். அப்கிரேடு பண்ணிக்கிறீங்களா?” ஆக, இன்னொருவர் ரத்தம்தான் வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிகிறது. அதற்கும் தனிக் காசு. டாக்டரிடம் கேட்டேன், தலசீமியாவுக்கு உறவில்லாதவரின் கொடி ரத்தம் அதிகம் நிற்பதில்லை, உடம்பு தள்ளிவிடும் வாய்ப்பு ஜாஸ்தி என்றார். அடுத்த தடவை இன்னொரு குரல் ஜீன் தெரபி பற்றிப் பேசியது. “ஃப்யூச்சர்ல உங்க சாம்பிளையே கரெக்ட் பண்ணலாம் மேடம்.” அதையும் படித்தேன். ‘காஸ்ஜெவி’ என்ற சிகிச்சை 2024 ஜனவரியில் அமெரிக்காவில் தலசீமியாவுக்கு அனுமதி பெற்றது. அப்போது 12 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். அப்போது சொன்ன விலை 22 லட்சம் டாலர். அதற்குச் செல்களை நோயாளியின் இன்றைய உடம்பிலிருந்து எடுக்கிறார்கள். தொட்டியில் உறைந்தது அதற்கு வேண்டியதே இல்லை. துக்கம் விசாரிக்க வந்த இடத்திலும் கடை விரித்து விற்கிறவர்களை என்னவென்று சொல்வது.

தொட்டியாவது பத்திரமா என்ற கேள்வி எனக்கு இனித் தேவையில்லாதது. ஆனாலும் மற்ற தாய்மாருக்குச் சொல்கிறேன். 2023 நவம்பரில் சிங்கப்பூரில், ஒழுங்குக்குப் பேர்போன அந்த ஊரிலேயே, ஒரு தனியார் கொடி ரத்த வங்கியின் தொட்டிகள் உரிய குளிர்நிலையில் இல்லாமல் கிடந்தது வெளிவந்தது. ஒரே தொட்டியில் சுமார் 2,200 ரத்தப் பைகள் கெட்டுப் போயின. சுகாதார அமைச்சகம் போய்ப் பார்த்ததால் தெரிந்தது. இருபது வருடத்துக்கு, எழுபத்தைந்து வருடத்துக்குப் பணம் வாங்குகிறவர்களின் தொட்டி மூடியைத் திறந்து யார் பார்க்கிறார்கள்?

அவனைக் குணப்படுத்த வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பொருந்துகிற, நோயில்லாத உடன்பிறப்பின் மஜ்ஜை. வேலூரில் 1986-லிருந்து தலசீமியாவுக்கு மஜ்ஜை மாற்றுகிறார்கள். சிறு வயதில், இரும்பு சேர்வதற்கு முன், பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால் பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகள் நன்றாகிவிடுகிறார்கள். கோல் இந்தியா நிறுவனம் 2017-லிருந்து இதற்கு 10 லட்சம் வரை உதவுகிறது. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. பதிவேட்டில் தேடச் சொல்லியிருக்கிறோம், சென்னையில் ‘தாத்ரி’ 2009-லிருந்து கொடையாளிகளைச் சேர்க்கிறது. முழுப் பொருத்தம் இன்னும் வரவில்லை. “இன்னொண்ணு பெத்துக்க, அது காப்பாத்தும்” என்கிறார்கள் ஊரில். அடுத்த குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு; அவனோடு பொருந்தவும் நாலில் ஒரு பங்குதான். நோயும் இல்லாமல் பொருந்தவும் வேண்டுமென்றால் பதினாறில் மூன்று. இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு ஒருத்தி கர்ப்பமாவது எப்படி இருக்கும் என்று சொல்பவர்களுக்குத் தெரியாது. நாங்கள் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான் சொல்வேன். கொடுமை என்னவென்றால், அப்படி ஒரு குழந்தை பிறந்தால், அன்றைக்குத்தான் கொடி ரத்தத்தைச் சேமிப்பதில் உண்மையான அர்த்தம் இருக்கும். குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொன்ன அந்த ஒரே காரணம். அதை விசாரித்தபோது அந்த நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? பழைய வாடிக்கையாளர் என்பதால் பத்து சதவீதம் தள்ளுபடி.

பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. உங்கள் மாதிரி முழுப் பாதுகாப்புடன் உள்ளது, சேவையில் குறைபாடு இல்லை, ஒப்பந்தத்தின் இன்ன பிரிவின்படி சிகிச்சைப் பயனுக்கு நாங்கள் உத்தரவாதம் அளிக்கவில்லை. உண்மைதான், இங்கிலீஷில் பொடி எழுத்தில் அது இருக்கிறது. தமிழில், என் அத்தை எதிரில், டம்ளர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் சொன்னது எந்தப் பிரிவில் இருக்கிறது?

நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டோம். நோட்டீஸ் போன பிறகு அவர்களுடைய வக்கீல் எங்கள் வக்கீலைக் கூப்பிட்டுப் பேசினார். கட்டிய தொகை முழுதும் தருகிறோம், வழக்கை வாபஸ் வாங்க வேண்டும், இதைப் பற்றி எங்கும் பேசவோ எழுதவோ கூடாது என்று ஒரு தாள் வந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எழுபதாயிரம் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. டெஃபெராசிராக்ஸ் வாங்கப் பல மாதத்துக்கு ஆகும். அவர் எதுவும் சொல்லவில்லை, பேனாவை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார், முடிவு உன்னுடையது என்பதுபோல.

இன்றைக்கும் அந்த நாற்காலியில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஏழாம் மாதத்தில் யாருக்கோ போன் போய்க்கொண்டிருக்கிறது. அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை.